கேட்கிறவர்கள் எங்கே இறக்கி வைப்பது?



இதை எழுதலாமா வேண்டாமா என்று நீண்ட நாள் யோசித்தோம். வன்கொடுமைக்கு ஆளானவர்களின் வலி பேசப்பட வேண்டிய இடத்தில், அந்த வலியைக் கேட்கப் போன எங்களுடைய சோர்வைப் பேசுவது கூச்சமாக இருந்தது. ஆனால் எங்கள் சோர்வு எங்களோடு நிற்கவில்லை. அது ஒரு தாயைக் காயப்படுத்திவிட்டது. அதனால்தான் எழுதுகிறோம்.

நாங்கள் நான்கு பேர். மூன்று பெண்கள், ஒரு தம்பி. நால்வரும் சேரியில் பிறந்தவர்கள். உளவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டு, வட மாவட்டம் ஒன்றில், சாதிய வன்கொடுமையால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உளநல ஆலோசகர்களாக வேலை பார்த்தோம். காலனிக்குள் நுழையும்போது 'கவுன்சிலர் வந்திருக்காங்க' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். வார்டு கவுன்சிலர் என்று நினைத்து, தெருவிளக்கு எரியவில்லை, தண்ணீர் வரவில்லை என்று மனுவோடு வந்து நிற்பார்கள். முதல் வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான்காம் வருடம் யாரும் சிரிக்கவில்லை. மனுவை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தோம். அப்போதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இனி சொல்வதில் ஊரையும் ஆட்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறோம். நடந்தது மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

ஒரு நாள் மாலை நான்கு மணி. அன்றைக்கு அது ஆறாவது வீடு. பதினேழு வயது மகன் ஊர்த்தெரு வழியாக வண்டியில் போனான் என்பதற்காக மறித்து அடித்திருந்தார்கள். அந்தப் பையனின் அம்மா பேச ஆரம்பித்தார். காலையில் அவனுக்கு என்ன குழம்பு வைத்தார் என்பதிலிருந்து தொடங்கினார். அப்படித்தான் தொடங்குவார்கள். அடி விழுந்த இடத்துக்கு நேராகப் போக மனசு வராது. சுற்றிக்கொண்டு வருவார்கள். சுற்றி வருகிற அந்த வழியில் கூடவே நடப்பதுதான் எங்கள் வேலை.

எங்களில் இரண்டாமவர் ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தபடி, "அம்மா, இதெல்லாம் எஃப்.ஐ.ஆர்ல இருக்குல்ல? அப்ப தேதியும் நேரமும் மட்டும் சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மா நிறுத்தினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீயும் ஸ்டேஷன்ல கேட்ட மாதிரியே கேக்குறியே பாப்பா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. தேதியைச் சொன்னார், நேரத்தைச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. அன்று இரவு, 'அது ஒரு நாள் தவறு' என்று ஆளாளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது ஒரு நாள் தவறு இல்லை என்பது நால்வருக்குமே தெரியும்.

சோறு அடிபிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பார்த்தால் பருக்கை பருக்கையாக வெள்ளையாக இருக்கும். அடியில் கருகியிருக்கும். யாரும் கவனிக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை பானை முழுக்க ஏறிவிடும். பிறகு மேலே இருக்கிற நல்ல சோற்றையும் சாப்பிட முடியாது. எங்களுக்கு நடந்தது அதுதான். அறிக்கைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. வருகைப் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. அடியில் கருகிக்கொண்டிருந்தோம்.

இதற்கு ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்று பெயர். இன்று இந்தச் சொல்லைக் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டிடங்களோடு சேர்த்துத்தான் கேட்கிறோம். ஆனால் இது முதலில் எழுதப்பட்டது யாரைப் பற்றித் தெரியுமா? ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், சிறுவனாக இருந்தபோது நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா போனவர். நியூயார்க்கில் ஏழைகளுக்காக நடந்த இலவச மருத்துவமனை ஒன்றில், தன் பகல் வேலை முடிந்த பிறகு இரவில் தொண்டு செய்தார். அங்கே தன்னோடு வேலை செய்த தொண்டர்கள் ஒவ்வொருவராக வற்றிப்போவதைப் பார்த்தார், தானும் வற்றினார். அதைத்தான் 1974இல் கட்டுரையாக எழுதினார். ஆக, இந்தச் சொல் பிறந்ததே நம்மைப் போன்ற ஆட்களிடம்தான்.

பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார். முதலாவது, மனசு வற்றிப்போவது. இரண்டாவது, எதிரில் இருக்கும் மனிதரை ஒரு கோப்பாக, ஒரு எண்ணாகப் பார்ப்பது. மூன்றாவது, 'நான் செய்வதால் எதுவும் மாறப்போவதில்லை' என்று தோன்றுவது. இந்த மூன்றையும் முதன்முதலாக வாசித்தபோது, யாரோ எங்கள் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து எழுதியது போல இருந்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதை நோய் என்று சேர்க்கவில்லை, வேலையிடத்தில் உருவாகும் நிலை என்று சேர்த்தது. அது முக்கியமான வேறுபாடு. கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை, வேலை நடக்கிற விதத்தில் இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

எங்கள் வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறோம்.

ஒரு வன்கொடுமை நடந்தால், பாதிக்கப்பட்ட பெண் அதை எத்தனை முறை சொல்ல வேண்டும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தோம். காவல் நிலையத்தில் ஒருமுறை. சட்டப்படி விசாரிக்க வேண்டிய டி.எஸ்.பி.யிடம் ஒருமுறை. அரசு மருத்துவமனையில் ஒருமுறை. நடுவர் முன் ஒருமுறை. உண்மை அறியும் குழுக்கள் வந்தால் குழுவுக்கு ஒருமுறை. பத்திரிகைக்காரர்களுக்கு, கட்சிக்காரர்களுக்கு. பல வருடம் கழித்து நீதிமன்றத்தில், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் நக்கலுக்கு நடுவில். இத்தனைக்கும் இடையில் எங்களிடமும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, மறுவாழ்வு என்று உரிமைகளை எழுதி வைத்திருக்கிறது. அந்த உரிமைகளை வாங்கித் தருவதற்கே அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். கேட்பது பாதி வேலை, அலைவது பாதி வேலை. இரண்டையும் சேர்த்து மாதக் கடைசியில் ஓர் எண்ணாக எழுதித் தர வேண்டும்: எத்தனை குடும்பங்கள், எத்தனை அமர்வுகள்.

இன்னொன்றும் உண்டு. பாடப்புத்தகத்தில் ஆலோசகர் மாலை ஆனதும் வேலையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். எங்கள் வீடும் காலனியில்தான் இருக்கிறது. ஊர்த்தெருவில் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன அப்பாக்களின் பிள்ளைகள் நாங்கள். அந்த அம்மா மகனைப் பற்றிச் சொல்லும்போது எங்களுக்கு எங்கள் தம்பியின் முகம் வரும். அடுத்தவர் கதையைக் கேட்பவருக்கே அதன் காயம் படியும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு அது அடுத்தவர் கதையே இல்லை. பழைய காயத்தின் மேல்தான் புதிய காயம் படிந்தது.

இந்த நிலையில்தான் நிறுவனம் எங்களை ஒரு நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. 'படைப்பாற்றல் வழியாக மீண்டெழுதல்' என்று தலைப்பு. இரண்டு நாள். குளிரூட்டிய அரங்கம். ஆளுக்கொரு வண்ணப் பென்சில் டப்பாவும், வட்டம் வட்டமாக அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்ட வேண்டும். பயிற்சி கொடுத்த அம்மையார் நல்லவர், அக்கறையோடுதான் பேசினார். "தினமும் உங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எதையாவது படையுங்கள்" என்றார்.

எங்கள் தம்பி கையைத் தூக்கினான். "மேடம், எங்க தாத்தா பறை அடிச்சாரு. பாட்டி ஒப்பாரி பாடுனாங்க. அப்பா செருப்பு தைச்சாரு. எல்லாமே கலைதான். ஆனா எல்லாத்தையும் ஊர்ல கூப்பிட்டா போயி செய்யணும். மாட்டேன்னு சொல்ல முடியாது. இதுல எது மேடம் படைப்பாற்றல்?"

அரங்கம் அமைதியானது. அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அவனுக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்களோடு பேருந்தில் ஏறி ஊருக்கு வந்தது. இன்று நாங்கள் ஓரளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறோம் என்றால், அந்த வண்ணத் தாள்களால் இல்லை, அந்தக் கேள்வியால்தான்.

பயிற்சி முடிந்த மூன்றாவது வாரம் எங்களில் மூத்த அக்கா படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. வேலைக்குக் கிளம்பிப் பேருந்தில் ஏறியவர், இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அதே பேருந்தில் திரும்பி வந்தார். மீண்டும் அந்த நிறுத்தம் வந்தது, இறங்க முடியவில்லை. மூன்று நடை அப்படிப் போய் வந்த பிறகு நடத்துநரே, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டு வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்திருக்கிறார். அக்கா சம்பளமில்லா விடுப்பில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். மருத்துவரையும் பார்த்தார், மருந்தும் எடுத்தார். அதை மறைக்காமல் சொல்லச் சொன்னது அவர்தான்.

அவர் தெருவில் அம்பேத்கர் பெயரில் ஓர் இரவுப் பாடசாலை உண்டு. அங்கே சனி, ஞாயிறுகளில் பிள்ளைகள் பறை பழகுவார்கள். முதலில் அக்கா போய்த் திண்ணையில் உட்கார மட்டும் செய்தார். பிள்ளைகள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்தார். சூடு ஏறினால்தான் தோல் விறைக்கும், நாதம் வரும். சூடு அதிகமானால் தோல் வெடித்துவிடும். அதனால் ஒருவன் விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான். "எங்களை இந்த மாதிரி யாராச்சும் தட்டிப் பாத்திருந்தா" என்று அக்கா பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

மூன்றாவது வாரம் ஒரு பறையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சுண்டுக்குச்சி. வயது நாற்பத்தொன்று. வீட்டில் பெரிய சண்டை. அக்காவின் அப்பா, இனி எந்தச் சாவுக்கும் அடிக்க மாட்டேன் என்று ஊர் பார்க்கப் பறையைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டவர். அதற்காக அந்தக் குடும்பம் ஒரு வருடம் ஊரில் வேலை இல்லாமல் கிடந்தது. "உங்கப்பன் தூக்கி எறிஞ்சத நீ எடுத்து மாட்டிக்கிறியாடி?" என்று அவர் அம்மா கத்தினார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அக்கா சொன்ன பதில் இதுதான்: "யாரும் கூப்பிடல மா. நானா அடிக்கிறேன்."

தம்பி கேட்ட கேள்விக்கான பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்று நினைக்கிறோம். அதே தோல், அதே குச்சி. கூப்பிட்டவனுக்காக அடிக்கும்போது அது சாதி சுமத்திய வேலை. மறுக்க உரிமை இருந்து, அந்த உரிமையோடு எடுத்து அடிக்கும்போது அது கலை. பறையடிக்க மறுத்துப் போராடிய தலைமுறைக்கும், பறையை விடுதலையின் குரலாக எடுத்துக்கொண்ட தலைமுறைக்கும் நடுவில் முரண்பாடு இல்லை. மறுத்தவர்கள் இருந்ததால்தான் இவர்களால் விரும்பி எடுக்க முடிந்தது. அக்காவின் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. எட்டாவது நாள் அடுப்படியிலிருந்து சத்தம் வந்ததாம்: "அந்த அடி தப்பு. உங்கப்பா அப்படி அடிக்க மாட்டாரு."

பறை அக்காவுக்கு என்ன செய்தது என்று கேட்டோம். மூன்று விஷயங்கள் சொன்னார். கை வலித்தது, அதனால் தூக்கம் வந்தது. கூட அடிப்பவர்களைக் கேட்டே ஆக வேண்டும், ஆனால் அங்கே கேட்பதற்கு யாருடைய துயரமும் இல்லை, தாளம் மட்டும்தான். மூன்றாவதுதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது: "நம்ம வேலையில ஒரு சொல்லு தப்பிச்சுன்னா ஒரு மனுசி உடைஞ்சுபோவா. இங்க ஒரு அடி தப்பிச்சுன்னா பக்கத்துல இருக்கற பையன் சிரிப்பான். அவ்வளவுதான்."

தப்பு செய்யலாம், யாருக்கும் காயம் படாது. அப்படி ஓர் இடம் எங்கள் நால்வருக்கும் பல வருடமாக இல்லாமல் இருந்தது.

அந்த அம்மாவிடம் தேதி கேட்டவர் தைக்க ஆரம்பித்தார். அவருடைய அம்மா களை எடுக்கப் போகும்போது கட்டிய பழைய நூல்சேலைகள் ஒரு மூட்டை இருந்தன. அவற்றைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டுத்துணியாகத் தைத்தார். அவர் அம்மா அந்தக் காலத்தில் கிழிசலை ஒட்டுப்போட்டது வேறு வழியில்லாததால். மகள் தைப்பது எதற்கும் இல்லை. விற்பதற்கு இல்லை, கண்காட்சிக்கு இல்லை. கோணலாகப் போனால் பிரித்துவிடுவார். இன்றுவரை அந்தப் போர்வை முடியவில்லை. ஒரு நாள் தைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னார்: "அன்னைக்கு எனக்கு அந்த அம்மா முகம் தெரியல. படிவத்துல இருந்த காலிக் கட்டம்தான் தெரிஞ்சது." அதைச் சொல்ல அவருக்கு ஐந்து மாதம் ஆனது.

மூன்றாமவர் எழுதினார். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மனசை அழுத்தும் நிகழ்வைப் பற்றி, நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று நான்கு நாள் கல்லூரி மாணவர்களை எழுத வைத்தார். எழுதிய உடனே அவர்களுக்கு வருத்தம் கூடியது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், தங்கள் உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. எங்கள் தோழர் அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டார். அதோடு ஒரு விதியையும் தானாக வைத்துக்கொண்டார்: பாதிக்கப்பட்டவர்களின் கதையை எழுதக் கூடாது. அதைக் கேட்டபோது தன் தொண்டையில் என்ன அடைத்தது, கை எங்கே இருந்தது, வீட்டுக்கு வந்து யார்மேல் எரிந்து விழுந்தோம் என்று மட்டும் எழுதலாம்.

இளம் தோழர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு கொடுமை நடந்த அன்றே அதைப் பற்றிக் கவிதை எழுதிப் பதிவிடுகிறோம். கோபம் நியாயமானது. ஆனால் ஒரு தாய் நம்மை நம்பிச் சொன்னது நமக்குக் கச்சாப்பொருள் இல்லை. அவர்கள் கதை அவர்களுடையது. அவர்கள் எழுதட்டும், அல்லது எழுதச் சொல்லட்டும். நம்முடையதை எழுத நமக்கு நிறையவே இருக்கிறது. பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பிறகு எழுதிய 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. தன் வாழ்க்கையைத் தன் ஊர்ப் பேச்சில் எழுதினார். தன் காயத்தை ஆற்றிக்கொள்ள எழுதியது ஒரு தலைமுறைக்கே வழியைத் திறந்துவிட்டது.

நான்காமவன், அரங்கத்தில் கேள்வி கேட்ட எங்கள் தம்பி, திரும்பி வரவில்லை. வேலையை விட்டுவிட்டு இப்போது ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறான். போய்ப் பார்த்தோம். "போனு உடைஞ்சா ஸ்கிரீன மாத்திக் குடுத்துடலாங்கா" என்று சிரித்தான். கலை எல்லோரையும் மீட்டுவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அவன் தோற்றுப்போனான் என்றும் சொல்ல மாட்டோம். எங்களில் மிகக் கூர்மையாகக் கேட்டவன் அவன்தான். அவனைத் தாங்க எங்கள் வேலையிடத்துக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஃபிரான்ஸ் ஃபனானைச் சொல்லியாக வேண்டும். 'ஒடுக்கப்பட்டோர்' என்று பேசும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்கிறோம். அவர் ஒரு மனநல மருத்துவர் என்பதை மறந்துவிடுகிறோம். 1953இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் சேர்ந்தார். நோயாளிகளுக்குக் கைவேலை, விழா, பத்திரிகை, கூட்டம் என்று ஏற்பாடு செய்தார். ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் அது நன்றாக நடந்தது. முஸ்லிம் ஆண்கள் பிரிவில் அப்படியே படுத்துவிட்டது. அந்த மனிதர்களிடம் குறை தேடாமல், தான் கொண்டுவந்தது ஐரோப்பியப் பழக்கம், இவர்கள் வாழ்க்கையில் அதற்கு வேர் இல்லை என்று ஒப்புக்கொண்டு எழுதினார் ஃபனான். பிறகு அவர்களுக்குப் பழக்கமான காபிக்கடையை மருத்துவமனைக்குள் அமைத்தார்கள். அவர்களுடைய பண்டிகைகளைக் கொண்டாடினார்கள், கதைசொல்லியை வரவழைத்தார்கள். வண்ணத் தாள்கள் எங்கள் மனசில் ஏன் ஒட்டவில்லை என்பது எங்களுக்கு அங்கேதான் விளங்கியது.

ஆனால் ஃபனான் அதோடு நிற்கவில்லை. சித்திரவதை செய்யப்பட்டவர்களும் அவரிடம் வந்தார்கள், சித்திரவதை செய்த காவலர்களும் வந்தார்கள். ஒரு மக்களையே நசுக்குகிற ஆட்சிக்குள் உட்கார்ந்துகொண்டு தனி மனிதர்களைக் குணப்படுத்துவதில் பொருள் இல்லை என்று 1956இல் வேலையைத் துறந்தார். அந்த மருத்துவமனையும் நமக்குப் பாடம், அந்த விலகலும் நமக்குப் பாடம்.

அதனால்தான் 'ரெசிலியன்ஸ்' என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. மீண்டெழும் திறன், தாங்கும் சக்தி என்று தமிழில் சொல்கிறார்கள். நம் மக்களை ஊர் எப்போதும் அப்படித்தான் புகழ்ந்திருக்கிறது: "அவங்க எதையும் தாங்குவாங்க." வெயிலைத் தாங்குவார்கள், பசியைத் தாங்குவார்கள், அடியைத் தாங்குவார்கள். தாங்குவார்கள் என்று சொல்லியே மேலும் மேலும் ஏற்றினார்கள். இன்று ஒரு நிறுவனம் ஊழியருக்கு வண்ணப் பென்சில் கொடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஆறு வீடு என்பதை மாற்றாமல் விட்டால், அதுவும் அந்தப் பழைய புகழ்ச்சிதான்.

எனவே நாங்கள் பறையோடும் ஊசியோடும் நிற்கவில்லை. நிறுவனத்திடம் நான்கு கோரிக்கைகள் வைத்தோம். ஒரு நாளில் மூன்று குடும்பங்களுக்கு மேல் பார்க்க மாட்டோம். வன்கொடுமை நடந்த இடத்துக்குப் போய்வந்த மறுநாள் அறிக்கை கேட்கக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அனுபவமுள்ள வெளி ஆலோசகர் ஒருவரோடு நாங்கள் உட்கார்ந்து பேச வேண்டும், அதற்கு நிறுவனம் பணம் ஒதுக்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் நாங்கள் விரும்பியதைச் செய்வோம், அதுவும் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். முதல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவில்லை. அதனால் பக்கத்து மாவட்டத்தில் இதே வேலை செய்யும் தோழர்களோடு மாதம் ஒருமுறை நாங்களே உட்காருகிறோம். நான்காவதைக் கேட்டுச் சிரித்தார்கள், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

"கைவேலை செய்தால் களைப்பு தீருமா, அறிவியல் என்ன சொல்கிறது?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 2016இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது. களிமண், பேனா, ஒட்டுக் காகிதம் என்று கொடுத்து 45 நிமிடம் விரும்பியதைச் செய்யச் சொன்னார்கள். நான்கில் மூன்று பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் சுரப்பு குறைந்தது. முன்பே வரையத் தெரிந்தவரா இல்லையா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. 39 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதை வைத்து மலையைப் பெயர்க்க முடியாது. ஆனால் 'எனக்கு ஒன்றும் வராது' என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்று மட்டும் தெரிகிறது.

'நேரம் எங்கே இருக்கிறது' என்றும் கேட்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் தன் கடைசிக் காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். அவருக்கு இருந்த வேலையைவிட நமக்கு அதிகமா?

உங்களில் பலர் ஆலோசகராகப் படிக்கவில்லை. ஆனால் விடுதியில் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டும் நண்பனுக்கு நீங்கள்தான் ஆலோசகர். உண்மை அறியும் குழுவில் குறிப்பெடுக்கப் போகிறவர் நீங்கள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். அதன் பிறகு ஒவ்வொரு வளாகத்திலும் ஒருவரை ஒருவர் காத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் ஏறியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒருவரே கேட்காதீர்கள். இருவராகப் போங்கள். கேட்டுவிட்டு வந்தவரிடம் "என்ன தகவல் கிடைச்சது?" என்பதற்கு முன் "நீ எப்படி இருக்க?" என்று கேளுங்கள். தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், வாழ்ந்து என்ன என்று தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். பறை மருத்துவருக்குப் பதில் ஆகாது.

கடைசியாக ஒன்று.

ஏழு மாதம் கழித்து எங்களில் இரண்டாமவர் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார். அக்காவும் கூடப் போனார். படிவம் எடுத்துப் போகவில்லை. "அன்னைக்கு நான் உங்கள சரியா கேக்கலம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். அந்த அம்மா 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. "உக்காரு" என்றார். டீ போட்டார். பிறகு அன்று காலையில் மகனுக்கு வைத்த குழம்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. வழக்கு இன்னும் நடக்கிறது. மகன் இன்னும் அந்தத் தெரு வழியாக வண்டியில் போவதில்லை. அதில் எதுவும் மாறவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரை வந்தார். "இவ்வளவையும் கேட்டுக்கினு போறியே பாப்பா, நீ யாராண்ட போயி எறக்கி வெப்ப?" என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், யாரையும் கூப்பிடாமல் தானாகவே சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு போகலாம். கல் சுமையை எடுத்துக்கொள்ளாது. நடக்க வேண்டிய தூரத்தையும் குறைக்காது. ஆனால் அது இருந்தால்தான் ஊர் போய்ச் சேர முடியும்.

எங்களுக்கு நாங்கள் அப்படி ஒரு கல்லை நட்டிருக்கிறோம். சனிக்கிழமை மாலையில், இரவுப் பாடசாலைத் திண்ணையில். உங்கள் ஊரில், உங்கள் வளாகத்தில் நீங்களும் ஒன்று நட்டுக்கொள்ளுங்கள். இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

ஜெய்பீம்!